கவராயக் காலும் பிரம்பு இருக்கையும்: பியேர் ஜன்னரேயின் சண்டிகர் நாற்காலிகள்

பழைய சண்டிகர் நாற்காலி ஒன்று கண்ணில் பட்டால் உட்காருவதற்கு முன் அதைச் சுற்றிவந்து பின்பக்கம் பாருங்கள். சட்டத்தின் வெளிமுகத்தில், தகட்டில் எழுத்து வெட்டி அதன்மேல் பெயின்ட் பூசியது போல, சில எழுத்துகளும் எண்களும் இருக்கும். எந்தத் துறை, எந்தக் கட்டடம், எத்தனையாவது உருப்படி என்று அலுவலகக் கணக்குக்காகப் போட்ட அடையாளம் அது. வடிவமைத்தவரின் பெயர் எங்கும் இருக்காது. அவர் அதை எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை. இன்று ஐரோப்பிய ஏலக் கூடங்களில் இந்த நாற்காலிகளுக்கு லட்சக்கணக்கில் விலை வைக்கும்போது அந்தக் குமாஸ்தா எண்ணைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார்கள் என்பது வேடிக்கை.

இவற்றை வடிவமைத்த கட்டடக் கலைஞர் பியேர் ஜன்னரே 1896-இல் ஜெனீவாவில் பிறந்தவர். புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லெ கார்பூசியேயின் உறவுச் சகோதரர். கார்பூசியே என்பது புனைபெயர். அவருடைய குடும்பப் பெயரும் ஜன்னரேதான். பாரிஸில் பெரே சகோதரர்கள் என்ற கட்டடக் கலைஞர்களிடம் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, 1920-களின் தொடக்கத்தில் ஜன்னரே தன் உறவினரோடு கூட்டாகச் சேர்ந்தார். 1927-இல் வடிவமைப்பாளர் ஷார்லத் பெரியாந் வந்து சேர்ந்தபின் மூவரும் சேர்ந்து வரைந்த எஃகுக் குழாய் நாற்காலிகளும் சாய்வுக் கட்டிலும் 1929-இல் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டன. அந்தச் சாய்வுக் கட்டிலில் கவனிக்க வேண்டியது வளைந்த குழாயை அல்ல, அது உட்காரும் விதத்தை. மேல்சட்டம் அடிச்சட்டத்தோடு திருகி முடுக்கப்படவில்லை. ரப்பர் சுற்றிய குறுக்குக் கம்பிகளின் மேல் சும்மா சாய்ந்திருக்கிறது. உராய்வுதான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. நிமிர வேண்டுமா, படுக்க வேண்டுமா என்பதைச் சட்டத்தை நகர்த்தி முடிவு செய்துகொள்ளலாம். பல்சக்கரம் இல்லை, பூட்டு இல்லை. இந்தச் சிக்கனம் யாருடைய மூளையில் உதித்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் பின்னாளில் ஜன்னரே தனியாகச் செய்தவற்றிலெல்லாம் இதே புத்தி தெரிகிறது.

1940-இல் பிரான்ஸ் விழுந்ததும் கூட்டு உடைந்தது. கார்பூசியே ஜெர்மனிக்கு இணங்கிப்போன விஷி அரசை அணுகினார். ஜன்னரே கிரெனோபிளுக்குப் போய் எதிர்ப்பு இயக்கத்தோடு நின்றார். வடிவமைப்பாளர் ஜான் ப்ரூவேயோடு சேர்ந்து மரத்தில் முன்கூட்டியே அறுத்து வைத்துப் பூட்டும் வீடுகளில் வேலை செய்ததும் அந்தக் காலத்தில்தான். பளபளக்கும் குழாயிலிருந்து மரத்துக்கு அவர் கை திரும்பியது அங்கே என்று எனக்குத் தோன்றுகிறது. 1948-இல் அமெரிக்காவின் நோல் நிறுவனம் வெளியிட்ட அவருடைய நாற்காலியில் இரண்டு மரக்கால்கள் கத்தரிக்கோல் போலக் குறுக்கே போகும். சந்திக்கும் இடத்தில் ஓர் உலோகப் போல்ட். அந்தப் போல்ட்டை அவர் மறைக்கவில்லை. எது எதைத் தாங்குகிறது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும் என்பது அவருடைய வழக்கம்.

லாகூர் பாகிஸ்தானுக்குப் போனபின் கிழக்குப் பஞ்சாபுக்கு ஒரு தலைநகர் தேவைப்பட்டது. 1951-இல் கார்பூசியே, ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர்கள் மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ ஆகியோரோடு ஜன்னரேயும் வந்தார். கார்பூசியே ஆண்டுக்கு இரண்டு முறை வந்து போவார். ஃப்ரையும் ட்ரூவும் மூன்று ஆண்டில் கிளம்பினார்கள். ஜன்னரே 1965 வரை இருந்தார். செக்டர் 5-இல் அவர் குடியிருந்த வீடு இப்போது அருங்காட்சியகம். பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் தண்ணீரின் நடுவே நிற்கும் காந்தி பவன் அவர் வரைந்தது. உடல்நிலை கெட்டு ஜெனீவா திரும்பி 1967-இல் இறந்தார். அவர் விருப்பப்படி அஸ்தி சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது.

ஒரு நகரத்துக்கு முழுக்க முழுக்கப் புதுசாக மேசை நாற்காலி வேண்டும் என்றால் கணக்கு எங்கே போகும் என்று பாருங்கள். உயர் நீதிமன்றம், தலைமைச் செயலகம், சட்டமன்றம், பல்கலைக்கழகம், கல்லூரிகள், விடுதிகள், அதிகாரிகளின் வீடுகள். நீதிபதிக்கு ஒன்று, எழுத்தருக்கு ஒன்று, நூலகத்தில் மாணவனுக்கு ஒன்று. நிர்வாகம் பின்னாளில் எடுத்த பாரம்பரியத் தளவாடப் பட்டியலில் மட்டும் 12,000-க்கும் மேற்பட்ட உருப்படிகள். தூக்கி எறிந்ததும் விற்றதும் போக மிஞ்சிய கணக்கு இது.

இவ்வளவையும் எஃகுக் குழாயில் செய்ய அங்கே ஆலை இல்லை. மரமும் தச்சரும் இருந்தார்கள், பிரம்பு பின்னுகிறவர்கள் இருந்தார்கள். ஆகவே தேக்கும் சில இடங்களில் சீஷம் என்ற வடநாட்டு மரமும் எடுத்துக்கொண்டு, சாதாரணப் பட்டறையில் ரம்பம், இழைப்புளி, உளி கொண்டு செய்யக்கூடிய வரைபடங்களைப் போட்டார்கள். "போட்டார்கள்" என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கட்டடக் கலைஞர் ஊர்மிளா யூலி சௌத்ரி இந்தத் தளவாட வேலையில் அவரோடு நெருங்கி உழைத்தவர். ஏலப் பட்டியல்களில் பெரும்பாலும் ஜன்னரே பெயர் மட்டும் நிற்கிறது, அது நியாயமில்லை. வரைபடம் வெவ்வேறு பட்டறைகளுக்குப் போனதால் ஒரே மாதிரியான இரண்டு நாற்காலிகளை அருகருகே வைத்தால் காலின் பருமன், கைச்சட்டத்தின் வளைவு, பிரம்புத் துளைகளின் இடைவெளி எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் மாறும். இதைக் குறையாக எண்ண வேண்டாம். தச்சருக்குத் தச்சர் கை மாறினாலும் நாற்காலி கெடாதபடி வரைந்திருப்பதுதான் இதில் பெரிய விஷயம்.

அலுவலக நாற்காலியையே எடுத்துக்கொள்வோம். உயரம் ஏறக்குறைய 80 செ.மீ., இருக்கை 45 செ.மீ. அளவில். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் முன்காலும் பின்காலும் கவராயத்தை விரித்து நிறுத்தியது போல, மேலே கூடிக் கீழே அகன்று நிற்கும். அடியில் போகப்போகக் கால் சிறுக்கும். கூடும் இடத்தின் மேல் கைச்சட்டம். இருக்கைச் சட்டம் நடுவில் குறுக்காக வந்து இரண்டு கால்களையும் கட்டும்போது பக்கவாட்டில் ஒரு முக்கோணம் உண்டாகிறது. விஷயம் அந்த முக்கோணத்தில் இருக்கிறது.

சாதாரண நாலுகால் நாற்காலி எங்கே முதலில் ஆடும்? பின்காலும் பக்கச்சட்டமும் சேரும் மூட்டில். ஆள் பின்னால் சாயும்போது முதுகுப் பலகை ஒரு நெம்புகோல் ஆகிறது. அதன் முழு விசையும், சட்டத்தின் முனையில் செதுக்கிக் காலின் துளைக்குள் நுழைத்த ஓரங்குலக் கழுந்தின் மேல் இறங்குகிறது. நாள்தோறும் நூறு முறை சாய்ந்தால் கழுந்து தேயும், பசை விடும், நாற்காலி முன்னும் பின்னும் ஆடும். நாற்கட்டம் சாய்சதுரமாக நெளியும். முக்கோணம் நெளியாது, அதன் ஒரு பக்கம் நீண்டாலோ குறுகினாலோ ஒழிய வடிவம் மாறாது. அதனால் கவராயக் கால் கொண்ட நாற்காலியில் சாய்கிற விசை மூட்டை முறுக்குவதற்குப் பதிலாகக் கால்களின் நீளவாக்கில் இறங்கித் தரைக்குப் போகிறது. அரசு அலுவலகத்தில் அறுபது ஆண்டு அடிபட்டும் பல நாற்காலிகள் நிமிர்ந்து நிற்பதற்குக் காரணம் தேக்கு மட்டும் இல்லை.

ஆனாலும் மூட்டு விடத்தான் செய்யும். அப்போது செய்கிற முதல் தப்பு ஆணி. ஆணி கழுந்தின் நாரைப் பிளக்கும், இரும்பு தேக்கின் சாரத்தோடு சேர்ந்து சுற்றிலும் கறுப்புக் கறை விடும், அடுத்த முறை கழற்றவே முடியாது. இரண்டாவது தப்பு, ஆடுகிற மூட்டின் இடுக்கில் பசையைச் சொட்டுவது. பழைய பசையின் மேல் புதுப் பசை பிடிக்காது. சரியான வழி மெனக்கெடும் வழிதான். பழைய வஜ்ரப் பசை (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சியது) என்றால் வெந்நீர்த் துணியால் ஒற்றி இளக்கி, மரச்சுத்தியால் தட்டிக் கழற்ற வேண்டும். கழுந்திலும் துளையிலும் உள்ள பழம்பசையை மரம் தெரியும்வரை சுரண்ட வேண்டும். கழுந்து தேய்ந்து தொளதொளத்தால் அரை மி.மீ. முதல் 1 மி.மீ. வரையிலான தேக்குச் சீவலை அதன் கன்னங்களில் ஒட்டிக் காயவிட்டு, கையால் அழுத்தினால் இறுக்கமாக நுழையும் அளவுக்கு இழைக்க வேண்டும். சுத்தியல் போட்டால்தான் நுழைகிறது என்றால் பருமன் அதிகம். துளையின் சுவர் பிளக்கும்.

தேக்கில் எண்ணெய் உண்டு. அதுதான் மழையையும் கரையானையும் தள்ளி வைக்கிறது. பசையையும் அதுவே தள்ளி வைக்கிறது. ஒட்டுவதற்குச் சற்று முன் இரண்டு முகங்களையும் அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் துடைக்க வேண்டும். துணி மஞ்சளாக வருவது நிற்கும்வரை துடைத்து, அசிட்டோன் பறந்ததும் பசை பூசி 24 மணி நேரம் கவ்வியில் வைக்க வேண்டும். துடைத்துவிட்டு மறுநாள் ஒட்டலாம் என்று போனால் உள்ளிருந்து எண்ணெய் மறுபடி மேலே வந்திருக்கும். கவ்வியை முடுக்கும் முன் இருக்கைச் சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். அவை சமமாக இல்லாமல் காயவிட்டால் நாற்காலி மூன்று காலில்தான் நிற்கும். பிறகு யாராவது நாலாவது காலை அறுத்துச் சமன் செய்ய வருவார்கள். உயரம் குறைந்த சண்டிகர் நாற்காலிகள் சந்தையில் வரும் ஒரு வழி இது.

இன்னொரு வழி தண்ணீர். தினமும் ஈரத் துணியால் துடைக்கிற தரையில் காலின் அடிமுகம் தண்ணீரை உறிஞ்சும், ஏனென்றால் மரத்தின் குழல்கள் அங்கே திறந்திருக்கின்றன. அடியில் 2, 3 செ.மீ. கறுத்து மெத்தென்று ஆனபின் அறுத்து எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. நல்ல பழுதுபார்ப்பில் பழைய காலையும் புதுத் துண்டையும் நேராக வெட்டி முட்ட வைக்க மாட்டார்கள். 1-க்கு 6 அல்லது 8 என்ற சரிவில் சாய்த்து வெட்டி, நார் ஓட்டம் பொருந்த ஒட்டுவார்கள். பருமன் 3 செ.மீ. என்றால் ஒட்டு 18 முதல் 24 செ.மீ. நீளம் போகும். சாய்ந்த ஒட்டுக்கோட்டை விரல் நகத்தால் தேடலாம். இப்படி ஒட்டு இருப்பது மதிப்பைக் குறைக்கும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. உழைத்த நாற்காலிக்கு அது இயற்கை.

பிரம்புக்கு வருவோம், பெரும்பாலான பழைய நாற்காலிகள் நாசமானது அங்கேதான். அசல் இருக்கையில் சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளைகள் இருக்கும். பிரம்பு ஒவ்வொரு துளையாக நுழைந்து கையால் பின்னப்பட்டிருக்கும். இப்போது இயந்திரத்தில் பின்னிய பிரம்புத் தாள் சுருளாகக் கிடைக்கிறது. அதைப் போடச் சட்டத்தில் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, தாளை உள்ளே அழுத்தி, மேலே ஒரு பிரம்புக் குச்சியை அடித்து இறுக்குவார்கள். புது நாற்காலிக்கு அது போதும். துளைபோட்ட பழைய சட்டத்தில் காடி எடுத்தால் துளைகள் இருந்த பகுதியே வெட்டுப்பட்டுப் போகும். சட்டத்தின் உள்விளிம்பு பலவீனமாகி ஒருநாள் நீளவாக்கில் பிளக்கும். திரும்ப அசலுக்குக் கொண்டுவரச் சட்டத்தையே மாற்ற வேண்டும்.

கையால் பின்ன முதலில் துளையை அளக்க வேண்டும். துளை 5 மி.மீ., இடைவெளி 16 மி.மீ. அளவில் இருந்தால் 2.5 மி.மீ. அகலப் பிரம்பு. துளை 6, இடைவெளி 19 என்றால் 3 மி.மீ. பிரம்பு. கண்மட்டத்தில் தடித்த பிரம்பை வாங்கிவிட்டால் கடைசிச் சுற்றில் துளைக்குள் இடமே இருக்காது, ஏனென்றால் ஒரு துளைக்குள் ஆறு இழை வரை போக வேண்டும். 40-க்கு 40 செ.மீ. இருக்கைக்கு, 16 மி.மீ. இடைவெளியில், கழிவும் சேர்த்து 80 மீட்டர் வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் 15, 20 நிமிடம் ஊறினால் போதும். மணிக்கணக்கில் போட்டால் பிரம்பு வெளுத்து மினுமினுப்பை இழக்கும். மினுக்கும் பக்கம் எப்போதும் மேலே. முதலில் முன்னிருந்து பின்னாக ஒரு வரிசை, அதன்மேல் இடமிருந்து வலமாக ஒன்று, அதற்கும் மேல் மறுபடி முன்னிருந்து பின்னாக, முதல் இழைக்குப் பக்கத்தில் சற்றுத் தள்ளி. இதுவரை பின்னல் இல்லை, அடுக்குதான். நாலாவது வரிசையில்தான் நெசவு தொடங்கும்: கீழ் இழைக்கு அடியிலும் மேல் இழைக்கு மேலுமாக. முதல் மூன்று வரிசையையும் இறுக்கி இழுக்கக் கூடாது. நடுவில் விரலால் அழுத்தினால் கொஞ்சம் இறங்க வேண்டும். புதிதாகப் பின்னுகிறவர் தொய்வைப் பார்த்துப் பயந்து இழுத்துக் கட்டுவார். நாலாவது வரிசை நுழையும்போதே பிரம்பு அறுக்கும். தப்பித் தவறி முடித்தாலும் ஈரம் காய்ந்து பிரம்பு சுருங்கும்போது துளை ஓரம் விரிசல் விடும்.

பிறகு இரண்டு மூலைவிட்ட வரிசைகள். ஒன்று நெடுக்கு ஜோடிக்கு மேலும் கிடை ஜோடிக்கு அடியிலும் போனால், எதிர்ப்பக்கமாக வருவது மாறிப் போக வேண்டும். இது சரியா என்று கண்ணால் பார்ப்பதைவிடக் கையால் பார்ப்பது எளிது. இழையைப் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். ஜோடிகளின் இடுக்கில் வழுக்கிப் போனால் சரி. முனையில் கடித்து நெருடினால் திசை மாறிவிட்டது. நெருடலோடு விட்டுவிட்டால் ஒவ்வொரு முறை ஆள் உட்காரும்போதும் அந்த முனை பிரம்பை அறுத்துக்கொண்டே இருக்கும். மூலைத் துளைக்கு மட்டும் இரண்டு மூலைவிட்ட இழைகள் சேர்ந்து வரும். அதை மறந்தால் எண்ணிக்கை உதைக்கும், மீன்கண் போன்ற எண்கோணத் துளைகள் விளிம்பில் கோணலாகும். கடைசியில் அகலப் பிரம்பு ஒன்றைத் துளைகளின் மேல் படுக்க வைத்து, மெல்லிய இழையால் கொக்கி போட்டு இழுத்து மூட வேண்டும். ஒரு நாள் காய்ந்ததும் இருக்கை தட்டினால் பறை போல ஒலிக்கும்.

மேலே வார்னிஷ் பூசுவது அவரவர் விருப்பம். அடிப்பக்கம் பூசக் கூடாது. சண்டிகரின் கோடைக் காற்றும் குளிர்சாதன அறையும் பிரம்பை உலர்த்திப் பொடுபொடுப்பாக்கும். அப்போது அடியிலிருந்து தண்ணீர் தெளித்துக் காயவிட்டால் தொய்ந்த இருக்கை மறுபடி இறுகும். அடியையும் வார்னிஷால் மூடியிருந்தால் தண்ணீர் எங்கே போகும்?

பிரம்பு கிழிந்ததும் அலுவலகங்கள் செய்தது வேறு. ஒட்டுப்பலகை அடித்து, நுரைமெத்தை வைத்து, ரெக்சின் போர்த்தினார்கள். அதுவும் கிழிந்ததும் கட்டடத்தின் பின்பக்கமோ மொட்டைமாடியோ. அங்கிருந்து பழைய சாமான் ஏலத்தில் சில நூறு ரூபாய்க்குப் போன நாற்காலிகளை 1990-களின் இறுதியிலிருந்து பாரிஸ் வியாபாரிகள் வாங்கிச் சென்றார்கள். கோபப்படுவது எளிது, ஆனால் அவர்கள் திருடவில்லை, ஏலத்தில் எடுத்தார்கள். 2011-இல் மத்திய உள்துறை அமைச்சகம் இந்தத் தளவாடங்களை விற்கவோ வெளியே அனுப்பவோ கூடாது என்று உத்தரவிட்டது. அதற்குள் போனவற்றைத் திருப்பக் கேட்பதில் ஒரு சிக்கல்: நம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி இதுபோன்ற பொருளுக்கு 100 வயது ஆகியிருக்க வேண்டும். 1970-இன் யுனெஸ்கோ உடன்படிக்கையும் மரச்சாமானுக்கு அதே 100 ஆண்டைத்தான் சொல்கிறது. இந்த நாற்காலிகளில் மூத்தவற்றுக்கே இன்னும் எண்பது ஆகவில்லை.

விலை ஏறியதும் போலி வந்தது. புதுத் தேக்கை அடித்து, கறுக்க வைத்து, எண்ணும் எழுதி விற்கிறார்கள். தேய்மானம் எங்கே என்று பாருங்கள். கைச்சட்டத்தின் முன்முனையும் உள்விளிம்பும் உள்ளங்கை பட்டு மழுங்கியிருக்க வேண்டும். கை எட்டாத அடிப்பக்கம் கூர்மையாகவே இருக்க வேண்டும். எல்லாப் பக்கமும் ஒரே சீராக அடிபட்டிருந்தால் அது மனிதர்கள் உட்கார்ந்து வந்த தேய்மானம் இல்லை. இருக்கைச் சட்டத்தின் துளைகளுக்குள் பழைய பிரம்புத் துணுக்கோ தூசியோ கெட்டிப்பட்டிருக்கும். மறுபக்கம், அசல் நாற்காலியைப் "புதுசாக்குகிறேன்" என்று உப்புத்தாள் போட்டு அந்த அலுவலக எழுத்தைத் தேய்த்து எடுப்பவர்களும் உண்டு. அதற்குமேல் அந்த நாற்காலி எந்தக் கட்டடத்தில் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

மறுபதிப்புகளும் வருகின்றன. பெங்களூரின் ஃபேன்டம் ஹேண்ட்ஸ் நிறுவனம் கைவேலையாகவே செய்கிறது. இத்தாலியின் காசினா 2019-இல் ஜன்னரேக்கு மரியாதை என்ற பெயரில் ஒரு வரிசை கொண்டுவந்தது. இவை தவிர ஊருக்கு ஊர் பட்டறைகள். செய்து பார்க்க நினைக்கும் தச்சருக்கு அளவுகள் எளிதில் கிடைத்துவிடும். தவறுவது பலகை தேர்விலும் அறுப்பிலும்தான். காலை அடியில் சிறுக்க வைக்கும்போது நார் ஓட்டம் காலின் நீளத்தோடு ஓட வேண்டும். மரத்தை மிச்சம் பிடிக்க ஒரே பலகையில் கால்களைக் கோணலாக வரைந்து அறுத்தால் நார் பக்கவாட்டில் வெளியேறும்; அந்த இடத்தில்தான், பெரும்பாலும் தரையிலிருந்து ஒரு சாணுக்குள், கால் பிளக்கும். வெளிறு (மரத்தின் மென்மையான வெளிப்பகுதி) கலந்த பலகையை ஒதுக்கி, வைரம் பாய்ந்த பலகையில் முதலில் பின்கால்கள் இரண்டையும் வரைந்து எடுத்துவிட்டு, மிச்சத்தில் முன்கால்களைப் பாருங்கள்.